ஒற்றைத் துலூப்

ரிம்மாவின் ஆள்காட்டி விரல் சமையலறை நாள்காட்டியில் சனிக்கிழமையின் மேல் நின்றிருந்தது. வெனியமின் ஸ்தெபானவிச்சின் கரண்டி, கஞ்சிக்கும் வாய்க்கும் நடுவே பாதி வழியில் நின்றது.

"வெனியா, இது உன் கையெழுத்துத்தான?"

"எது?"

"இந்தா இது. 'சனி, பன்னெண்டு மணி, துலூப்.'"

ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் மனைவியிடம் சொல்லக்கூடிய பொய்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்தில் அவர் வாய்க்கு வரவில்லை. பெர்ம் நகரத்து லிஃப்ட்டுகளை முப்பது வருஷமாகப் பழுது பார்த்துவருகிறவர் அவர். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துப் போடுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தானே மாட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அது சும்மா எழுதினது" என்றார்.

ரிம்மா அவரைப் பார்த்தாள். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு கழுத்திலிருந்து காது வரை மெல்லச் சிவந்துகொண்டு வந்தாள்.

"நான் எதையும் பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சாப்பிடு" என்று சொல்லி, அவர் கஞ்சியில் இன்னொரு துண்டு வெண்ணெயை வைத்தாள்.

கேட்காமல் அவள் வெண்ணெய் வைத்தது அவர் நினைவில் இரண்டே தடவைதான். ஒருமுறை, அவருக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை நடந்தபோது. இன்னொருமுறை, தவறுதலாக.

துலூப் என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆட்டுத்தோலை ரோமம் உள்பக்கம் வரும்படி வைத்துத் தைத்த, கணுக்கால் வரை இறங்குகிற கனத்த குளிர்க்கோட்டுக்குத் துலூப் என்று பெயர். காவல்காரர்களும் வண்டிக்காரர்களும் போட்டுக்கொண்டது. ஐஸ் மேல் ஸ்கேட் கட்டி ஆடுகிறவர்களுக்கோ துலூப் என்றால் ஒரு குதிப்பு. வலது காலில் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே போய், இடது கால் ஸ்கேட்டின் முனைப்பல்லால் ஐஸை ஒரு குத்துக் குத்தி, காற்றில் இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி வலது காலிலேயே பின்னோக்கி இறங்க வேண்டும். ஏதோ வெளிநாட்டுப் பெயர் நம் ரஷ்யர்கள் வாயில் புகுந்து துலூப்பாக வெளியே வந்ததாம். ஆக, கோட்டும் துலூப், குதிப்பும் துலூப். இரண்டையும் போடத்தான் செய்கிறார்கள்.

ஐம்பத்தாறு வயது வரை வெனியமினுக்குக் கோட்டு மட்டுமே தெரியும். மற்றது இந்தச் செப்டம்பரில்தான் தெரியவந்தது, அதுவும் முதுகெலும்பு வழியாக.

கல்யாணத்துக்கு முன்பு ரிம்மா நகரப் பூங்காவின் ஐஸ் தளத்தில் ஸ்கேட் ஓட்டுவாள். வெனியமின் வேலிக்கு வெளியே அவளுடைய கம்பளிப் பூட்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு குளிர்காலம் இப்படிப் பூட்ஸ் பிடித்தார். உள்ளே, வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு நெட்டையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான். கடைசியில் அவள் கல்யாணம் செய்துகொண்டது பூட்ஸ் பிடித்தவரைத்தான். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், "வாயேன், என் கையப் பிடிச்சுக்கோ, விழ மாட்ட" என்றாள். இவர் வேலை இருக்கிறது என்றார். பயம் என்று சொல்ல வெட்கம். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குப் பின்னால் பல வருஷம் தோன்றியிருக்கிறது.

பிறகு தொலைக்காட்சி மட்டும் மிஞ்சியது. குளிர்காலத்தில் ஜோடி ஆட்டம் காட்டும்போது ரிம்மா பின்னலை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். அவள் பார்ப்பது அந்தப் பெண்களின் ஜிகினா உடைகளைத்தான் என்று வெனியமின் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். போன ஜனவரியில் ஒருநாள் டீயைக் கொண்டுவந்தவர் கதவோரமே நின்றுவிட்டார். திரையில் ஒரு ஜோடி சுற்றிக்கொண்டிருந்தது. சோபாவில் ரிம்மாவின் இடது கை, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில், உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து கிடந்தது. அது அப்படிக் கிடப்பது அவளுக்கே தெரியாது. அவர் சத்தமில்லாமல் சமையலறைக்குத் திரும்பி, இரண்டு கோப்பை டீயையும் தானே குடித்தார்.

டிசம்பர் முதல் ஞாயிறு அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். அன்று அவளை ஐஸ் அரங்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், வேலியோரம் நிறுத்த வேண்டும், அவள் கண் முன்னால் ஒன்றே ஒன்று குதித்துக் காட்டிவிட்டு, போய்க் கையை நீட்ட வேண்டும். வெறுமனே நீட்டினால் போதாது. முப்பது வருஷத் தாமதத்துக்கு ஒரு குதிப்பாவது வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதற்குத்தான் அல்பீனா யூரியெவ்னாவிடம் தனிப்பாடம். அவளுக்கு வயது இருபத்து நாலு. ஆறு வயதுச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள், சனிக்கிழமை மத்தியானத்தை இவருக்கு ஒதுக்கினாள். சிறுமிகளிடம் பேசும் அதே குரலில்தான் இவரிடமும் பேசுவாள், மரியாதை மட்டும் கூடுதல்.

"வெனியமின் ஸ்தெபானிச், லிஃப்ட்டுக்கா காத்திருக்கீங்க? நீங்களேதான் மேல போகணும்" என்பாள்.

அவர் மேலே போவார், சுமார் நாலு விரல்கடை. கீழே வருவது மட்டும் முழு உயரத்துக்கு நடந்தது. இடுப்பில் கத்திரிக்காய் நிறத்தில் காயங்கள். ஒரு லிஃப்ட் மெக்கானிக் எப்படி இத்தனை தடவை விழ முடியும் என்று ரிம்மா ஒருநாளும் கேட்கவில்லை. வலி மருந்துக் குழாய் மட்டும், தீரத் தீரக் குளியலறையில் புதிதாக இருந்தது. மருந்து வாடை தெரியாதபடி அவள் மூக்கு கொஞ்சம் மந்தம், நல்லதாய்ப் போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார்.

எல்லாம் ரகசியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் செய்கிற வேலையை எழுதி வைப்பது மெக்கானிக்குகளின் புத்தி. கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது.

இப்போது அவள் கோட்டு என்று நினைத்துக்கொண்டாள், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ரிம்மாவுக்குப் பேருந்து நிறுத்தத்தில் பத்திரிகைக் கடையில் வேலை. உள்ளே இருக்கும் ஹீட்டர் ஒரு முழங்காலைச் சுட வைப்பதற்குள் மறு முழங்கால் விறைத்துப் போகும். அப்படிப்பட்டவள் துலூப் என்ற சொல்லைப் பார்த்து முகம் சிவந்தால் வேறு என்ன அர்த்தம்?

மறுநாள் காலையில் அவர் நாள்காட்டியில் 'துலூப்' என்பதை அடித்துவிட்டு 'லிஃப்ட்' என்று எழுதி வைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால், அதைப் பார்த்துப் பார்த்து ரிம்மா தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சரி, ஆசையை முளையிலேயே கிள்ளிவிடலாம் என்று, இரவுச் சாப்பாட்டின்போது சுற்றிவளைத்துப் பேச்சை ஆரம்பித்தார். இந்தக் காலத்தில் துலூப் எல்லாம் யார் போடுகிறார்கள், நம் வயசுக்கு அது ஆகுமா என்று இழுத்தார்.

ரிம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் ஆகாது? ஊர் ஆயிரம் சொல்லும். எனக்கு நம்பிக்கை இருக்கு வெனியா. இந்த வருஷம் ஆகலன்னா அடுத்த வருஷம். நான் இத்தன வருஷம் இருந்தவதான, இன்னும் கொஞ்சம் இருப்பேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. ஒரு கோட்டுக்காக இவள் இத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள், வாய் திறந்து கேட்டதில்லை. இரண்டாம் தடவை கேட்காதவள் அல்லவா. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்து என்னத்தைக் கண்டோம் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம் அவளுடைய பழைய நீளக் கோட்டைக் கொக்கியில் காணவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவள் இடுப்பளவு மெத்தைச் சட்டையில் கிளம்பிக்கொண்டிருந்தாள். கோட்டு எங்கே என்று கேட்டார். அக்கா கபிதோலினாவுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"அதுல கையத் தூக்கக்கூட முடியல. அன்னிக்கு அதயா மாட்டிக்கிட்டு வருவேன்?" என்றாள், 'அன்னிக்கு' என்பதை மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, பேருந்துக்கு ஓடினாள். அவள் மூக்கு நீலமாகிப்போயிருந்ததை அவர் ஜன்னலிலிருந்து பார்த்தார்.

இனி விஷயத்தைக் கபாவிடமே கேட்டுவிடுவது என்று போனார். கபா, அதாவது கபிதோலினா, ரிம்மாவைவிட ஆறு வயது மூத்தவள். எதை மென்றுகொண்டிருந்தாலும் மென்றுகொண்டேதான் பேசுவாள். வெனியமின், வீட்டுக்காரியைப் பற்றி அவள் அக்காவிடம் கேட்கிற கூச்சத்தோடு, ரிம்மாவுக்குத் துலூப் மேல் அவ்வளவு ஆசையா என்று கேட்டார்.

கபா மெல்லுவதை நிறுத்தினாள். அது அபூர்வம்.

"ஆசையா? நீ எழுதி வச்சிருந்ததப் பாத்த அன்னிக்கு இங்க வந்து உக்காந்து அழுதா தெரியுமா. 'எனக்காக அவன் இப்படி ஒண்ண யோசிப்பான்னு நான் கனவுலகூட நெனக்கல கபா'ன்னு. நான் சொன்னேன்னு சொல்லிடாத. தெரியாத மாதிரியே இருக்கணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா."

அவ்வளவுதான். வெனியமின் முடிவு செய்துவிட்டார்.

ஆனால் எப்படிப்பட்ட கோட்டு? அதையும் தெய்வம் காட்டிக்கொடுத்தது. ஒரு சாயங்காலம் அவர் கதவைத் திறக்கும்போது ரிம்மா சமையலறையில் கபாவோடு தொலைபேசியில் இருந்தாள். வெனியமின் பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரெட்டை எல்லாம் வேண்டாம் கபா, ஒத்தை போதும்... எனக்கு முழங்கால்தான் கவலை... ஆமா, இடப்பக்கம்தான். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

அவர் நாட்குறிப்பை எடுத்து இருட்டிலேயே குறித்துக்கொண்டார்: ஒற்றை வரிசைப் பித்தான். முழங்கால் வரை. பித்தான் இடப்பக்கம்.

சந்தையில் துலூப் விற்கிறவர்கள் இந்தக் குறிப்பைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். கடைசியில் தோல் தைக்கிற ரஃபீஸ் என்ற தாத்தார் இனத்துக்காரரிடம் போய்ச் சேர்ந்தார். ரஃபீஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அண்ணே, துலூப்புன்னா கணுக்கால் வரைக்கும் வரணும். பித்தானே கிடையாது, இழுத்துப் போத்திக் கயிறு கட்டுறது. நீங்க சொல்றது துலூப்பே இல்ல. வீட்டம்மா துலூப்பத்தான் கேட்டாங்களா, நல்லா விசாரிச்சீங்களா?"

"என் காதால கேட்டேன்" என்றார் வெனியமின், கொஞ்சம் கர்வமாகவே.

இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கித் தர வேண்டியிருப்பதால் ரஃபீஸ் கேட்ட விலை அவரைத் திடுக்கிட வைத்தது. மீன்பிடிக்க ஐஸைத் துளைக்கும் துரப்பணத்தை விற்றார். அது போதவில்லை. வீட்டில் அவருடையது என்று சொல்லிக்கொள்ள மீதி இருந்தது, கருவிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்கேட்டுகள் மட்டும்தான். அவற்றை விற்று, மீதி இருந்த பாடங்களையும் விட்டுவிட்டால் கோட்டு வந்துவிடும்.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார் என்று சொன்னால் அது பொய். கால்மணி நேரம்தான் யோசித்தார். குதிப்பு அவருடைய ஆசை, கோட்டு அவளுடைய ஆசை. கல்யாண நாளில் எது நடக்க வேண்டும் என்பதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அந்தக் கால்மணி நேரம் அவருக்கு நெஞ்சு வலித்தது, அதை மறைப்பானேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அல்பீனா யூரியெவ்னாவிடம், இதுதான் கடைசி என்றார்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் எட்டே நாள்தான இருக்கு? பாட்டுகூட எடுத்து வச்சிட்டேன்" என்றாள் அவள்.

வீட்டில் வேறொரு தேவை வந்துவிட்டதாகச் சொன்னார். அவள் கையுறையை இறுக்கி மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரி, வந்தது வந்தீங்க, ஒண்ணு போட்டுட்டுப் போங்க" என்றாள்.

இனி எதுவும் ஆக வேண்டியதில்லை என்ற நிம்மதியோடு போனார். வலது கால் பின்னோக்கி வளைந்து ஓடியது. இடது கால் ஐஸைக் குத்தியது. அப்புறம் எதுவும் சத்தம் கேட்கவில்லை. அரங்கத்தின் விளக்குகள் ஒரு கோடாக அவரைச் சுற்றி ஓடின. மறுபடி சத்தம் வந்தபோது அவர் வலது காலில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார், விழாமல், கைகள் இரண்டும் விரிந்து, தன் உடம்பு இப்படியும் ஒன்றைச் செய்யுமா என்ற திகைப்பில்.

"இறங்கிட்டீங்க" என்று கத்தினாள் அல்பீனா யூரியெவ்னா. மரியாதை எல்லாம் மறந்து அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

வெனியமின் முதலில் பார்த்தது வேலியோரத்தைத்தான். நீளத்துக்கு நீளம் காலியாக இருந்தது. தூரத்தில் தரை துடைக்கிற பெண்மணி ஒருத்தி வாளியில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். அவள் மட்டுமாவது திரும்பியிருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. அரங்கத்தில் ஸ்கேட் தீட்டிக்கொடுக்கிறவர் அவற்றைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

கல்யாண நாள் விருந்துக்கு ஆட்களைக் கூப்பிடும் பொறுப்பை ரிம்மா எடுத்துக்கொண்டாள். கபா வந்தாள், கீழ் வீட்டு லபானவ் தம்பதி வந்தார்கள். வந்தவர்களைப் பார்த்து வெனியமினுக்கு அவமானமாகப் போயிற்று. லபானவ் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். அவர் மனைவி கம்பளிக் காலுறைக்கு மேல் கம்பளிக் காலுறை. கபா ஒரு பெரிய பிளாஸ்க்கோடு வந்து, தலைத் துண்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்தாள். நம் வீடு குளிரும் என்று ஊரில் பெயராகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, அவர் ஹீட்டரை இன்னும் ஏற்றி வைத்தார். எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டு மீனைத் தின்றார்கள், ஒருவரும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

ரிம்மா உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பரபரப்பை அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இனிப்பு வரும் வரை காத்திருக்க நினைத்தவர், எழுந்து போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டார்.

அவள் பிரித்தாள். பாதியில் வெட்டிப் பித்தான் தைத்த காவல்காரன் கோட்டைப் போல ஒன்று வெளியே வந்தது. லபானவ் இருமினார்.

"துலூப்" என்றாள் ரிம்மா, மெதுவாக.

"துலூப்தான்" என்றார் வெனியமின். "ஒத்தை வரிசை. முழங்கால் வரைக்கும். பித்தான் இடப்பக்கம். எல்லாம் நீ நெனச்ச மாதிரியே."

ரிம்மா கோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் எழுந்து நின்றாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பித்தானாக, மேலிருந்து கீழே வரை மாட்டினாள்.

"நல்லா இருக்கு வெனியா. ரொம்பக் கதகதப்பா இருக்கு" என்றாள். அடுப்பில் பணியாரத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, கோட்டோடே சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அழட்டும், முப்பது வருஷத்து ஆசை, சும்மாவா இறங்கும் என்று உட்கார்ந்திருந்தார். மனம் நிறைந்துதான் இருந்தது. அடியில் எங்கேயோ ஒரு சின்னக் குறை, யாரும் பார்க்காமல் போன அந்த ஒரு சுற்று. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் வோத்காவை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார்.

கபா மீனை விழுங்கினாள். பிளாஸ்க்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கோட்டெல்லாம் இருக்கட்டும் வெனியா, நீ ஐஸ் மேல துலூப் போடுறதப் பாக்க வாங்கன்னுதான அவ ரெண்டு மாசமா எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா, எப்பக் கெளம்புறோம்?"